நெத்திலி தப்பிய வலை

புது அரங்கத்தில் எதிரொலியே வராது என்று கணினியில் கணக்குப் போட்டு அறிக்கை எழுதிவிட்டார் பேராசிரியர் தணிகாசலம். "கணக்குத் தப்பு சார்" என்றாள் ஆய்வு மாணவி வேம்பரசி, நாகப்பட்டினத்து மீனவர் மகள். அவ்வளவுதான்!

"கம்ப்யூட்டரைத் தொடாம துணைவேந்தர் முன்னாடி நிரூபி. இல்லேன்னா உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

நாலு வருஷ உழைப்பு இவர் பேனா முனையில் தொங்க வேண்டுமாம்!

துணைவேந்தர் அரங்கத்துக்கு வந்தார்.

"ஐயா, சார் மீட்டருக்கு ஒரு புள்ளின்னு வலை பின்னிக் கணக்குப் போட்டிருக்கார். விசில் சத்தத்தோட அலை ஒரு சாண் நீளங்கூட இருக்காது. பெரிய கண்ணி வலையில நெத்திலி விழலைன்னா, கடல்ல நெத்திலியே இல்லைன்னு அர்த்தமா?" என்றவள், விரலை மடித்து நீளமாக விசிலடித்தாள். பின்சுவர் அதை அப்படியே திருப்பி அடித்தது.

"பொம்பளப் புள்ள விசிலடிக்கிறதா!" என்று கிறீச்சிட்டார் தணிகாசலம்.

"விசிலடிக்கிறதா!" என்று சுவர் அவரையே கேட்டது.

துணைவேந்தர் வேம்பரசியின் ஆய்வேட்டை வாங்கி, பேனாவோடு தணிகாசலத்தின் முன்னால் நீட்டினார்.