அமலோற்பவத்தோட வயர்லெஸ் பெட்டி

கடலுக்கும் மணலுக்கும் நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல அமலோற்பவம்னு ஒருத்தி இருந்தாளாம். பேரு நீளம். நாக்கு அத விட நீளம். காலைல குழாயடியில கொடத்த வச்சுட்டுப் பேச ஆரம்பிச்சான்னா, கொடம் ரொம்பி, வழிஞ்சு, தெரு ஈரமாகி, குழாய்ல தண்ணியும் நின்னு போயிரும். அவ பேச்சு நிக்காது.

அவ புருசன் பேரு வியாகுலம், அதாவது துக்கம். ஞானஸ்நானத்துல அந்தப் பேர வச்ச சாமியாருக்கு என்னமோ முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. சின்ன வள்ளம் ஒண்ணு வச்சுக்கிட்டு ஒத்த ஆளா கடலுக்குப் போவான். மத்தவங்க எல்லாம் மீனுக்காகப் போறாங்க, வியாகுலம் மட்டும் காதுக்கு ஓய்வு குடுக்கப் போறான்னு கரையில ஒரு பேச்சு.

கேக்குறியா? ம் கொட்டு.

ம்.

அப்புறம், ஒருநா அமலோற்பவம் கேட்டா, "ஏ மனுசா, கடலுக்குப் போனா ஒரு போன் பேச மாட்டியா?"

"அங்க டவர் எடுக்காது அமலி," அப்படின்னான். சொல்லும்போது அவன் மொகத்துல ஒரு சந்தோசம். அத அவ பாத்துட்டா.

அவளுக்குப் பேசணும்கிறது மட்டும் இல்ல. வள்ளம் வரக் கொஞ்சம் தாமசமானாப் போதும், அடுப்ப அணைச்சுட்டுக் கரையில போயி நிப்பா. அந்தப் பக்கம் ஒரு கருப்புப் புள்ளி தெரியுற வரைக்கும் வீட்டுக்குத் திரும்ப மாட்டா. பேசிக்கிட்டே இருந்தா அந்த ஆளு எங்கயும் போயிட மாட்டான்னு அவளுக்கு ஒரு நெனப்பு. அத யார்ட்டயும் சொன்னதில்ல. வாய் தொறந்தா வேற என்னென்னமோதான் வரும்.

அப்போதான் பரண்ல கெடந்த பெட்டி அவ கண்ணுல பட்டுச்சு. அவ அப்பா கப்பல்ல சமையல்காரரா இருந்தவரு. ஏதோ தூர தேசத்துத் துறமுகத்துல வாங்கிட்டு வந்து, கல்யாணத்துக்குச் சீரா குடுத்த வயர்லெஸ் பெட்டி. இரும்பு உடம்பு, முன்னால குமிழ் குமிழா, நடுவுல முள்ளு ஆடுற ஒரு கண்ணாடி, பக்கத்துல காலு வச்ச மைக்கு. வியாகுலமும் மத்த படகுக்காரங்களும் கையில வச்சிருக்க சின்ன வயர்லெஸும் இதுவும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். மாமனாரு குடுத்த சீர வியாகுலம் என்ன செஞ்சான்? அது மேல கருவாட்டுப் பானைய வச்சான்.

அவ பெட்டிய எறக்கினா. தொறந்தா, அய்ய, உள்ள ஒரு ஊரே குடியிருக்கு. பல்லி முட்ட, கரப்பான் குடும்பம், எலி கடிச்ச ஒயரு, எல்லாத்துக்கும் மேல பச்சையா உப்புத் துரு. மொத வேலை அது. மண்ணெண்ணெயத் தொட்டுத் தொட்டு, கிர்ர்க் கிர்ர்க்னு ஒரு பழைய பிரஷ்ஷால தேச்சா. குமிழையும் ஒண்ணொண்ணா கழட்டித் தொடச்சா. தேச்சு முடிச்சப்புறந்தான் தெரிஞ்சுது, அது பழைய பிரஷ் இல்ல, வியாகுலம் பல்லு வெளக்குற பிரஷ்ஷு. கழுவி இருந்த எடத்துலயே வச்சுட்டா. மறுநா காலைல அவன் பல்லு வெளக்கிட்டு, "அமலி, பேஸ்ட்டு மாத்திட்டியா?"ன்னு கேட்டான். அவ வாழ்க்கையிலயே வாயத் தொறக்காத காலை அது.

ம் கொட்டு.

ம்...

அப்புறம் ரெண்டாவது. பெட்டிய மேசை மேல வச்சு, கரண்ட்டுல சொருகினா. உள்ள கண்ணாடி வால்வு ஒண்ணொண்ணும் மெல்ல மெல்ல ஆரஞ்சுப் பழம் மாதிரி செவந்துச்சு. அடடா, அப்பா வந்து சிரிக்கிற மாதிரி இருந்துச்சு அவளுக்கு. அப்போ உள்ளருந்து ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். அப்புறம் டப். பொகை. தெரு பூராவும் கரண்ட்டு போச்சு. சீரியல் பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க. அன்னைக்கு அமலோற்பவம் வாங்கின திட்டு, அவ ஒரு மாசத்துல குடுக்குற திட்டுக்குச் சமம்.

பெட்டியச் சேலையில கட்டி, பஸ் ஏத்தி, கடைத்தெருவுல ரேடியோ ரிப்பேர் பாக்குற மீரான்ட்ட கொண்டு போனா. மீரான் மூக்கப் பொத்திக்கிட்டு, "என்னக்கா, உள்ள மீனு இருக்கா?"ன்னான்.

"கருவாடு இருந்துச்சு. இப்ப மணம் மட்டுந்தான் இருக்கு. நீ பாரு."

பாத்தான். "இது நம்ம கரண்ட்டுல பாதிதான் தாங்கும் அக்கா. நீங்க முழுசா ஊட்டிட்டீங்க. வயிறு வெடிச்சிருச்சு." வெடிச்ச கண்டன்சர மாத்தினான். செத்துப்போன வால்வு ஒண்ணுக்கு, ஏதோ ஒரு பழைய பெட்டியக் கொடஞ்சு அதே மாதிரி ஒண்ணு எடுத்துப் போட்டான். கரண்ட்டப் பாதியாக்குற டிரான்ஸ்பார்மர் ஒண்ணும் குடுத்தான், அது ஆட்டுக்கல்லு கனம். ஒரு இடுப்புல பெட்டி, ஒரு இடுப்புல டிரான்ஸ்பார்மர், எரட்டப் புள்ள பெத்தவ மாதிரி வீட்டுக்கு வந்தா.

அப்புறம் மூணாவது. பெட்டி எரியுது, முள்ளு ஆடுது, ஆனா கர்ர்ர்ர்னு எறச்சல் தவிர ஒண்ணும் வரல. ஏரியல் ஒசரத்துல இருக்கணும். ஊர்லயே ஒசரம் எது? மாதா கோயில் கோபுரம். அவ சாமியார்ட்ட போனா.

"கோபுரத்துல கம்பி கட்டுறதா? அதெல்லாம் முடியாதும்மா," அப்படின்னாரு சாமியார்.

"சரி சாமி. அப்ப நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"பண்ணு."

"தெனமும் வரேன் சாமி. என் பாவம் சின்னதுதான். அந்த மனுசன் பாவத்தையும் சேத்துச் சொல்லிடுறேன். அவருக்கு வர நேரமில்ல."

சாமியாருக்குப் போன தடவ அவ பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தது நெனப்பு வந்துச்சு. மத்தியானச் சாப்பாடு போச்சு, சாயங்கால செபமாலையும் போச்சு. கோபுரச் சாவிய எடுத்து அவ கையில வச்சுட்டாரு.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ ஏரியல் ஏறிடுச்சு. காலைல பெட்டியப் போட்டா, கர்ர்ர்... அப்புறம், "வல எறக்கியாச்சா மச்சான்"னு ஒரு குரலு. கடல்ல இருக்க அத்தன படகும் அவ வீட்டு மேசைக்கு வந்துருச்சு. அவ மைக்க அமுக்கினா.

"ஏ மனுசா. வியாகுலம். கேக்குதா?"

அப்புறம் வியாகுலத்தோட குரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, "கேக்குது."

அன்னைல இருந்து அவன் நிம்மதி போச்சு. அவன் குடைய மறந்தது, அரிசி மூட்டைய நனையவிட்டது, எல்லாம் கடல் முழுக்கக் கேட்டுச்சு. ரூபர்ட்டுன்னு ஒரு படகுக்காரன். அவன், "மயினி, இது எங்க தொழில் பேசுற லைனு,"ன்னான். "நானும் என் தொழில்தான் பாக்குறேன்"னா அவ. கொஞ்ச நாள்ல படகுக்காரங்க எல்லாம் சொல்லாமக் கொள்ளாம வேற சேனலுக்கு ஓடிட்டாங்க. வியாகுலம் மட்டும் பழைய சேனல்லயே இருந்தான். ஓடுனா வீட்டுக்கு வரணும்ல.

அப்போ ஒருநா, காலைல கெளம்பிப் போனவன் கொஞ்ச நேரத்துல கூப்பிட்டான். குரலு நூலு மாதிரி வருது.

"அமலி. எஞ்சின் நின்னு போச்சு. நீவாடு பலமா இருக்கு, தண்ணி தெக்க இழுக்குது. அந்தப் பக்கத்து நாட்டு எல்லை கிட்ட வந்துருச்சு, தாண்டுனா புடிச்சிருவாங்க. பேட்டரி போகப் போகுது. வேற யாருக்கும் என் குரலு எட்டல, உன் கோபுரக் கம்பிக்குத்தான் எட்டுது."

அவ மைக்க இழுத்துப் புடிச்சா. "பேசாத. பேட்டரிய வீணாக்காத. கேட்டுக்கிட்டு மட்டும் இரு. எங்க நிக்குற, அத மட்டும் சொல்லு." சொன்னான். கர்ர்ர்னு அத்தோட நின்னு போச்சு.

இப்ப படகுக்காரங்களக் கூப்பிடணும். அவங்கதான் இவளுக்குப் பயந்து ஓடிட்டாங்களே. எந்தச் சேனல்ல ஒளிஞ்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? குமிழத் திருப்பினா. கடக். கர்ர்ர். கடக். கர்ர்ர். கடக். அங்க ஒரே சிரிப்பு. ரூபர்ட்டு பொம்பளக் குரல்ல பேசுறான், "ஏ மனுசா, மூக்க நல்லாத் தொடச்சியா?" எல்லாரும் கெக்கக்கேன்னு சிரிக்கிறாங்க.

வேற நாளா இருந்தா ரூபர்ட்டோட ஏழு தலமொறைக்கும் திதி குடுத்திருப்பா. அன்னைக்கு அடித் தொண்டையில இருந்து, "ரூபர்ட்டு, என் வீட்டுக்காரரு தெக்க போயிக்கிட்டிருக்காரு தம்பி,"ன்னா. அவ்வளவுதான். சிரிப்பு அப்படியே அறுந்துச்சு. எடத்தச் சொன்னா. "மயினி, நான்தான் கிட்டத்துல. போறேன்,"ன்னான். எஞ்சின் படபடபடன்னு ஏறுற சத்தம் பெட்டிக்குள்ளயே கேட்டுச்சு.

அப்புறம் அவ பழைய சேனலுக்கு வந்தா. அந்தப் பக்கம் அவனுக்குக் கேக்குதா, பேட்டரி செத்துருச்சா, ஒண்ணும் தெரியல. "ஆளு வருது. இருந்துக்கோ"ன்னா. திட்டலாம்னு பாத்தா திட்டு வரல. அதனால அன்னைக்கு என்ன கொழம்பு வச்சான்னு சொன்னா. புளி எவ்வளவு கரைச்சா, உப்பு எவ்வளவு போட்டான்னு சொன்னா. கோழி எங்க முட்ட போட்டுச்சுன்னு சொன்னா. வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, எறங்குச்சு. அவ சொல்லிக்கிட்டே இருந்தா.

அங்க எல்லைக்கு இந்தப் பக்கமே ரூபர்ட்டு வள்ளத்தப் புடிச்சுட்டான். கயித்தக் கட்டி, வியாகுலத்தத் தன் படகுல ஏத்தி, தண்ணி குடுத்தான். பழைய சேனலுக்கு வந்து, "அண்ணன் கெடச்சிட்டாரு மயினி,"ன்னு கூப்பிட்டான். பதில் இல்ல. இன்னொரு படகுக்காரன் கூப்பிட்டுப் பாத்தான், அவனாலயும் முடியல. சேனல் முழுக்க ஒரே ஒரு சத்தம்.

கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ். கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

கெடச்சிட்டாருங்கிற சொல்லு காதுல விழுந்ததும் அவ பதில் சொல்ல மைக்க அமுக்கினா. மைக்க அமுக்கின கை அமுக்கினபடியே, மேசையில தலைய வச்சுத் தூங்கிட்டா. அத அமுக்கி வச்சிருந்தா வேற யாரும் பேச முடியாது. படகெல்லாம் கர வர்ற வரைக்கும் கடல் பூராவும் அமலோற்பவத்தோட கொறட்டதான்.

ரூபர்ட்டு, "அண்ணே, சத்தத்தக் கொறைக்கட்டுமா?"ன்னு கேட்டான்.

வியாகுலம் ரூபர்ட்டோட சின்ன வயர்லெஸ எடுத்துக் காதோரமா வச்சுக்கிட்டான். "இருக்கட்டும்ல," அப்படின்னான்.

ம் கொட்டு.

...

வள்ளம் கரையேறிருச்சு, கதையும் கரையேறிருச்சு. நீ தூங்கு.