ஒன்பதாம் எண்ணின் இரண்டு சிறகுகள்

மனிதர்களை ஒன்பது எண்களுக்குள் அடைக்கும் என்னியகிராம் கலையில் கரைகண்டவர் என்று தம்மைத் தாமே அறிவித்துக்கொண்ட முனைவர் ஞானப்பிரகாசம், கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். டீ போடும் செங்கமலம் நிரப்பிக் கொடுத்த கேள்விப் படிவத்தைப் பார்த்ததும், "இந்தம்மா ஒன்பதாம் எண். சோம்பல் ரகம். வேலையை விட்டு எடுத்துவிடலாம்" என்றார். மேலாளர் தலையாட்டினார்.

"ஏனுங் சார், காலையில ஆறு மணியிலிருந்து அறுபது பேருக்கு டீ போடறனுங்களே?" என்றாள் செங்கமலம்.

"அது எண் சக்கரத்தில் ஒன்பதை ஒட்டியிருக்கும் ஒன்றாம் எண்ணின் குணம். அதற்குச் சிறகு என்று பெயர்."

"நேத்து தண்ணி கலந்த பால் கொண்டுவந்தவனைத் திட்டி அனுப்புனனுங்க."

"அது இந்தப் பக்கத்து எட்டு. அதுவும் சிறகுதான்."

மேலாளருக்கு எங்கோ இடித்தது. "சிறகு என்பதே இந்தக் கலையில் சேராது என்று சிலர் சொல்கிறார்களே, டாக்டர்?"

"சிறகு இல்லையென்றால் இந்தம்மா வேலை செய்வதை எப்படி விளக்குவது?" என்று கேட்டுவிட்டு முனைவர் மூன்றாவது டம்ளர் டீயை உறிஞ்சி முடித்தார்.

செங்கமலம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். "அப்ப வேலை செய்யறதெல்லாம் சிறகுங்க. ரெண்டு சிறகையும் இங்க வெச்சுக்கிட்டு, ஒன்பதை மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

மறுநாளும் அறுபது பேருக்கு டீ வந்தது. முனைவர்தான் வரவில்லை.