துளி விழுங்காத இறகு

காட்டுக்குள் ஒரு தாமரைக் குளம். அந்தக் குளத்தில் குமிழி என்ற முக்குளிப்பான், தன் கணவன் மதகனோடும் மூன்று குஞ்சுகளோடும் குடியிருந்தாள்.

முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். வாத்தைவிடச் சின்னப் பறவை. இங்கே மூழ்கும், எங்கோ போய் எழும். குஞ்சுகள் சிறுசாக இருக்கும்போது அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு, இறக்கைக்குள் புதைந்தபடி குளத்தைச் சுற்றி வரும். இன்னொரு வழக்கமும் அந்தக் குலத்துக்கு உண்டு. குஞ்சுக்கு மீன் ஊட்டும் முன் தாய் தன் மார்பிலிருந்து மெல்லிய இறகு ஒன்றைப் பிடுங்கி ஊட்டுவாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஊட்டினாள், நானும் ஊட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் மூத்தவன் கோரை இறகை விழுங்கினான். அடுத்தவள் பாசியும் விழுங்கினாள். கடைக்குட்டி துளி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, மீன் சரி. இறகு எதுக்கு?"

குமிழிக்கு உடம்பு சிலிர்த்தது. இதே கேள்வியை அவளும் ஒரு காலத்தில் கேட்டவள்!

அவள் குஞ்சாக இருந்தபோது அக்கரையில் இருந்த நாரையின் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முக்குளிப்பானுக்குக் கால்கள் வாலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தரையில் நடந்தால் குப்புற விழும். அவள் விழுந்து எழுந்துதான் பள்ளிக்கூடம் போனாள். போன முதல் நாளே, "ஐயா, நாங்க எதுக்கு இறகு திங்கறோம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டு, "பாடத்துல இல்லாததைக் கேக்காதே! உக்காரு!" என்றது.

உட்கார்ந்தவள்தான். அதன் பிறகு அவள் எதையுமே கேட்கவில்லை. ஆனால் கேட்கவேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை. யாராவது ஒருவர் கூப்பிட்டு, "நீ அன்னிக்கு என்னமோ கேட்டியே, வா, சொல்றேன்" என்று சொல்லமாட்டார்களா என்று வளர்ந்த பிறகும் ஏங்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் முட்டை பொரியும் முன்பே முடிவு செய்துவிட்டாள், தன் குஞ்சுகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை, வீட்டிலேயே தானே சொல்லிக்கொடுப்பது என்று. அதிலும் அறிவியல் பாடத்தை அரைகுறையாக இல்லாமல் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்!

"நல்லாக் கேட்டேடி என் தங்கமே!" என்று துளியைக் கொஞ்சினாள் குமிழி. "அம்மா உங்களுக்கு நல்ல பாடத்திட்டமாப் பாத்து எடுக்கப்போறேன். அதுல எல்லாம் வரிசையா வரும். இப்போ முழுங்கு!"

துளி இறகை வாயில் வாங்கிக்கொண்டாள். குமிழி கிளம்பிவிட்டாள்.

முதலில் போனது கிளியிடம். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த ஆலங்கிளையில் கிளி கடை விரித்து உட்கார்ந்திருந்தது.

"வாங்க, வாங்க! நம்ம பாடத்திட்டம் எடுத்தா கவலையே இல்ல. எல்லாத்துக்கும் கேள்வியும் இருக்கு, பதிலும் இருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் குஞ்சு ஒப்பிக்கும்! டேய் பச்சை, அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிக் காட்டு!"

கிளிக்குஞ்சு நெஞ்சை நிமிர்த்தியது. "மேலிருந்து கீழே விழும் நீர் மழை எனப்படும்!"

"அட! அந்தத் தண்ணி மேல எப்படிப் போச்சு?" என்று குமிழி ஆசையோடு கேட்டாள்.

கிளிக்குஞ்சு தாயைத் திரும்பிப் பார்த்தது. "அது அடுத்த வருஷப் பாடம்" என்றது கிளி.

"சரி, இறகைப் பத்தி வருதா?"

"வராம? இறகு எத்தனை வகைப்படும்னு கடைசியில வருது!"

"நாங்க எதுக்கு அதைத் திங்கறோம்னு வருதா?"

"அதை எவன் கேப்பான்?" என்றது கிளி.

குமிழிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கிளி அலகால் கீறிக் கொடுத்த மாதிரிப் பாடத்தை, ஒரு தாமரை இலை நிறைய, வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்தது தூக்கணாங்குருவி. "எங்களோடது மனப்பாடம் இல்லீங்க. எல்லாமே செஞ்சு பாத்துக் கத்துக்கறது!" என்று பெருமையடித்தது அது. அது நீட்டிய பாடப் பையைத் திறந்தால் நார், களிமண், களிமண்ணில் ஒட்டுவதற்கு மின்மினி! குமிழி வாயைப் பிளந்தாள்.

"குஞ்சுங்களுக்குத் தலைகீழாத் தொங்கத் தெரியுமில்ல?"

"தெரியாதே! நாங்க தண்ணிப் பறவை."

"பரவாயில்ல, அதுக்குத் தனியா ஒரு முன்பயிற்சி இருக்கு. முதல்ல அதை எடுத்துக்குங்க!"

அதற்கும் ஒரு இலை வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் கோரைப்புதரில் இருந்த தாழைக்கோழி, "நான் ரெண்டையும் கலந்துதான் நடத்தறேன், காலையில கிளி, சாயங்காலம் குருவி" என்றது. மீன்கொத்தி, "அதெல்லாம் வேஸ்ட், என்னோடதைப் பாரு!" என்றது. கேட்கக் கேட்கக் குமிழிக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. இதைவிட நல்லது இன்னொன்று இருக்குமோ? அவசரப்பட்டுத் தப்பானதை எடுத்துவிட்டால்? தனக்குக் கிடைக்காதது குஞ்சுகளுக்கும் கிடைக்காமல் போய்விட்டால்? குளமெல்லாம் அலையாய் அலைந்தாள்.

முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும் கூடு. மாதிரி இலைகள் சேரச் சேர அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதகன் தினமும் பாசியை அள்ளி வந்து அடியில் முட்டுக்கொடுத்தான்.

"இன்னும் முடிவாகலையா குமிழி?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடறேங்க!"

"அதுக்குள்ள கூடு முழுகிடும்போல இருக்கே!"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு! இது நம்ம புள்ளைங்க படிப்பு!"

அவள் முதுகில் குஞ்சுகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. "அம்மா, தாமரை இலை ஏன் நனையவே மாட்டேங்குது?" என்றாள் பாசி. "அம்மா, நீ முங்கும்போது எனக்குக் காது ஏன் அடைக்குது?" என்றான் கோரை. ஒவ்வொரு கேள்விக்கும் குமிழிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் பதில் சொல்லப் பயந்தாள். முறையில்லாமல் உளறி, தப்பாகச் சொல்லிவிட்டால்? அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"பாடத்துல வரும் கண்ணு!"

கொஞ்ச நாளில் குஞ்சுகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. பாசி, "ஏன்?" என்பாள். கோரை, "பாடத்துல வரும்!" என்பான். இரண்டும் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு அந்த விளையாட்டும் சலித்துப்போனது. ஒரு காலை, குளத்தைப் பாதி கடந்த பிறகுதான் குமிழிக்கு உறைத்தது. முதுகில் மூன்று குஞ்சுகளும் இருக்கின்றன, ஒரு சத்தமும் இல்லை.

"ஏண்டா, யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லம்மா" என்றான் கோரை.

குமிழி திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தாள். ஆனாலும் அலைச்சலை நிறுத்தவில்லை; குஞ்சுகளை மதகனிடம் விட்டுவிட்டுச் சில வாரம் தனியாகவே சுற்றியவள், கடைசியில் ஆந்தையிடம் போனாள். பட்டப்பகலில் ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, நட்சத்திரப் பாடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லி, குறட்டை விட்டது. அடுத்த வாக்கியத்துக்காகக் குமிழி காத்திருந்தாள்.

"குமிழி! சீக்கிரம் வா! துளிக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மதகனின் குரல். அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டின் ஓரத்தில் துளி சுருண்டு கிடந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"வயித்துல குத்துது அம்மா."

"மீன்தான் குடுத்தேன்! எப்பவும் குடுக்கற முள்ளுக்கெண்டைதான்!" என்று மதகன் கையைப் பிசையாத குறையாகப் பதறினான்.

"அம்மா, திட்டமாட்டியே?" என்றாள் துளி. "நான் இறகை முழுங்கறதே இல்ல. வாயில வச்சிருந்து துப்பிடுவேன். எல்லாம் கூட்டுக்கு அடியிலதான் சொருகி வச்சிருக்கேன்."

"ஏண்டி அப்படிப் பண்ணே?"

"நீதானே பாடத்துல வரும்னு சொன்னே? பாடம் வந்ததும், எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு, எல்லாத்தையும் சேர்த்து முழுங்கிடலாம்னு இருந்தேன்."

குமிழி துளியை அருகே இழுத்துக்கொண்டாள். இந்தக் குஞ்சு அவளை நம்பிக் காத்திருக்கிறது! நாரைக்கு முன்னால் நின்ற தன்னைப் போலவே காத்திருக்கிறது. காக்க வைத்தது மட்டும் இந்த முறை நாரை இல்லை.

தன் மார்பிலிருந்து கொத்தாக இறகைப் பிடுங்கினாள்.

"துளி, அம்மாவுக்குத் தெரியாதுடி. எங்கம்மாவுக்கும் தெரியாது. ஆனா இதை முழுங்கின யாருக்கும் இப்படிக் குத்தினதில்ல. முழுங்கு. என்ன ஆகுதுன்னு நாம சேர்ந்தே பாப்போம்!"

துளி வாயைத் திறந்தாள்.

குமிழி நகரவில்லை. வெயில் சாயும் வரை துளியை இறக்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று துளி கழுத்தை நீட்டினாள், உலுக்கினாள், கக்கினாள்! ஈர உருண்டை ஒன்று கிளி கொடுத்த தாமரை இலையின் நடுவில் தொப்பென்று விழுந்தது.

முக்குளிப்பான்கள் இப்படி உருண்டை கக்குவது புதிதில்லை. ஆனால் தண்ணீரில்தான் கக்கும். அது மூழ்கிவிடும். அதில் என்ன இருக்கிறது என்று அந்தக் குளத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

குமிழி அலகால் உருண்டையைப் பிரித்தாள். உள்ளே முழுக்க முள்! ஒவ்வொரு முள்ளையும் இறகு சுற்றிச் சுற்றிப் பொதிந்து வைத்திருந்தது.

"முள்ளு!" என்று கத்தினாள் துளி. "அம்மா, முள்ளு குத்தாம இருக்கத்தான் இறகு!"

"ஆமாண்டி! அதுக்குத்தான்!"

மதகன் எட்டிப் பார்த்தான். பாசி வந்து பார்த்தாள், கோரை வந்து பார்த்தான். குமிழி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இத்தனை காலம் ஏங்கிய பதில் இதுதானா? தினமும் தன் தொண்டை வழியாகத்தானே போய் வந்துகொண்டிருந்தது!

மறுநாள் எல்லா மாதிரி இலைகளையும் மதகன் கூட்டுக்கு அடியில் போட்டு மிதித்தான். கூடு நிமிர்ந்தது. குமிழி முதுகைத் தாழ்த்தி, "ஏறுங்க! என்ன வேணும்னாலும் கேளுங்க!" என்றாள்.

துளி ஏறினாள். ஏறும்போதே இரண்டு கேள்வி கேட்டாள். பாசியும் கோரையும் ஏறிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் வழுக்கி விழுந்தார்கள். இந்த அலைச்சலுக்குள் அவர்கள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். முதுகில் இடம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டும் பக்கத்தில் நீந்தி வந்தன, பேசாமல். குமிழி ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். ஒன்று கேட்கமாட்டார்களா என்றிருக்கும். வற்புறுத்திக் கேட்க வைக்க முடியுமா? துளியின் கேள்விகளுக்குப் பின்னால் அவர்களும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே பேசுவாள்.

ஒரு நாள் மழை இருட்டியது. தும்பிகள் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தன. பாசி நீந்துவதை நிறுத்தினாள்.

"அம்மா..." என்று தயங்கினாள். "தும்பியெல்லாம் ஏன் இன்னிக்கு இவ்வளவு தாழப் பறக்குது?"

குமிழி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "தெரியலையே கண்ணு! வா, கிட்டப் போய்ப் பாப்போம்!" என்று அவளைக் கூட்டிக்கொண்டு, மழை கொட்டுவதற்குள் கிளம்பினாள்.

கோரை இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் நீந்தும்போதெல்லாம் குமிழி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள்.

குழந்தை கேட்கும் நேரமே பாடம் தொடங்கும் நேரம். இதைவிட நல்ல பாடம் வரட்டும் என்று கேள்வியைக் காக்க வைத்தால், பாடம் வந்து சேரும்போது கேள்வி போய்விட்டிருக்கும்.