நாற்பது அண்டா வெந்நீர்

மலையடிவாரத்தில் ஒரு ராஜா இருந்தார். எப்போது குளிக்கத் தோன்றும் என்று அவருக்கே தெரியாது. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நாற்பது அண்டா வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். குளிப்பதென்னவோ ஒரு அண்டாவில்தான். காடெல்லாம் மொட்டையாகி, கடைசியில் ஒரே ஒரு தோப்பு மிஞ்சியது. ஊர்ச்சனம் கஞ்சி காய்ச்ச அங்கேதான் சுள்ளி பொறுக்கியது.

"அதையும் வெட்டு. அடுப்பு அணைஞ்சா உன் தலை போகும்" என்றார் ராஜா, அடுப்பெரிக்கும் சடைச்சியிடம்.

மறுநாள் சபை நடுவே கோடாலியோடு வந்தாள் சடைச்சி. நேரே போய்ச் சிம்மாசனத்தின் காலைத் தட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க சாமி. விறகு தீந்துபோச்சு. இது நல்லாக் காஞ்ச தேக்கு."

"அடிப்பாவி! தோப்பு இருக்க, என் பாட்டனார் எனக்கு விட்டுட்டுப் போனதையா கேக்குறே?"

"தோப்பு நாங்க பேரப்பிள்ளைகளுக்கு விட்டுட்டுப் போகவேண்டியது சாமி. உங்களுக்கு வந்ததை எரிக்கக் கூடாது, அவங்களுக்குப் போறதை எரிக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க, அடுப்பு அணையப் போகுது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிம்மாசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தொன்பது அடுப்பு அணையட்டும்!"

மறுநாள் ஒரே அண்டாதான் கொதித்தது. பொறுக்கிய சுள்ளி எரிந்து தீர்ந்து, அதுவும் ஆறிப்போனபிறகு எழுந்துவந்த ராஜா, தலையில் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டு போட்ட அலறல் தோப்பு வரைக்கும் கேட்டதாம்.