குளத்து ராஜா யாரைப் பார்த்தார்?

செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கெண்டை மீன் வறுபடும் வாசனை வரும். டிவியில் ஏதாவது ஒரு பழைய மாயாஜாலப் படம் ஓடும். வீடே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். வசனமெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு படத்தில் குளத்து ராஜாவாக வருகிறவர் ஓத்தகார் என்கிற நடிகர். மகள் கரையேறி ஒரு மனிதனோடு போகிறாள். ராஜா கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மகள் போகிற திசையில் பார்க்கவில்லை. நம்மையும் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில், எதையோ பார்க்கிறார். அந்த ஒரு பார்வைக்கு நாடே மூக்கைச் சிந்தும்.

யாரைப் பார்க்கிறார் என்று வருஷா வருஷம் சண்டை. செத்துப்போன ராணியை என்பார்கள். விதியைத்தான் பார்க்கிறார் என்று ஒரு பேராசிரியர் எழுதியே விட்டார். எழுதட்டும், பாவம், அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

விஷயம் தெரிந்த ஆள் ஒருவர்தான். ஹினெக். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். "மாமா, உங்க ஆளு வந்துட்டாரு" என்று மருமகள் குரல் கொடுத்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். அந்தக் காட்சியை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

ஓத்தகார் ரொட்டிக் கடைக்காரர் மகன். பொம்மலாட்டத்தில் பிசாசுக்குக் குரல் கொடுத்து ஆரம்பித்தவர். அப்புறம் ரேடியோ, மேடை, சினிமா. பகலெல்லாம் பிராக் நகரத்தில் படப்பிடிப்பு. சாயங்காலம் ரயிலைப் பிடித்து கிழக்கே மொராவியா பகுதியிலிருந்த தன் ஊருக்கு வந்து மேடை ஏறுவார். சினிமாக்காரர்கள் பிராகிலேயே வீடு தருகிறோம் என்றார்கள். "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்று சொல்லிவிட்டார். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். அவரைத் தெரியாதவன் நாட்டிலேயே கிடையாது, இவர் இப்படிச் சொல்கிறாரே என்று.

அந்த ஊர் நாடகக் கொட்டகைகளில் பெரிய நடிகரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நம் 'வாத்தியார்' மாதிரி அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. ஓத்தகாரை நாமும் வாத்தியார் என்றே கூப்பிடுவோம்.

ஹினெக் அவருடைய சிஷ்யன். சிஷ்யன் என்றதும் மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போதே நாற்பது தாண்டியவன். முன்மண்டை வழுக்கை. வாத்தியாரைவிடப் பத்து வயசு சின்னவன், அவ்வளவுதான்.

கொட்டகையில் ஒரு நாடகம் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. கிழ ராஜா ஒருவரின் கதை. போருக்குப் போன மகன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் ராஜா தனியாகச் சாப்பிட உட்கார்கிறார். முதல் காட்சியிலிருந்தே சூப் சட்டியோடு கூட இருக்கும் வேலைக்காரன் பக்கத்தில் நிற்கிறான். ராஜா, வாத்தியார். வேலைக்காரன், ஹினெக். பேச ஒரு வரி கிடையாது. ஒன்பது வருஷம் அந்தச் சட்டியைத் தூக்கினான். அதுவும் காலிச் சட்டி.

ஒரு மார்ச் மாதம் அவனுக்கு வெறுத்துவிட்டது.

"வாத்தியாரே, நான் எப்பதான் நடிகன் ஆவேன்?"

வாத்தியார் கண்ணாடி முன் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். "இப்ப என்னவா இருக்கே?"

"மேடைல ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அப்புறம் நான். மூணும் ஒண்ணுதான். மச்சான் பீர் ஆலைல எனக்கு ஒரு வேலை பார்த்து வெச்சிருக்கான். மாசக் கடைசில போறேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

மீசையிலிருந்து வாத்தியாரின் கை இறங்கியது. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை குளத்து ராஜா படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போய்விட்டார். 'இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹினெக்குக்கு அதுதான் வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் கூட நின்றவனுக்கு இவ்வளவுதானா?

மார்ச் மாதக் குளம். பனிக்கட்டி அப்போதுதான் உருகியிருந்தது. வாத்தியார் திரும்பி வந்தபோது குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமோ கிழ ராஜா நாடகம். டிக்கெட் ஒன்று பாக்கியில்லை. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் விரலை நீட்டி ஹினெக்கைக் காட்டினார்.

"இவனா?" என்றார் மேனேஜர்.

"நானா?" என்றான் ஹினெக்.

"டேய், வசனம் தெரியுமா உனக்கு?"

தெரியாமல் என்ன? ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்று கேட்டவன். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான்.

"சரி, அப்ப சட்டியை யாரு தூக்கறது?"

வாத்தியார் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார். அந்த வேஷத்துக்குத்தான் பேச்சே கிடையாதே!

ஹினெக் இரண்டு எட்டு பின்வாங்கினான். "ஐயோ, வேண்டாம் வாத்தியாரே. நீங்க மேடைல நின்னா ஜனங்க உங்களைத்தான் பார்ப்பாங்க. என் மானம் கப்பலேறிடும்."

வாத்தியார் ராஜாவின் அங்கியை எடுத்து அவன் தோளில் போட்டார். கழுத்துப் பொத்தானை அவரே மாட்டிவிட்டார்.

மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னதும் அரங்கம் முழுக்க 'ச்சே' என்றது. நாலைந்து பேர் வாசலில் கழற்றிக் கொடுத்திருந்த குளிர்கோட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். திரை விலகியது. சூப் சட்டியோடு வேலைக்காரன் வந்தான். முன்வரிசையில் ஒரு அம்மாள், "அடடே, அவரேதான்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அத்தனை தலையும் வாத்தியார் பக்கம் திரும்பியது. ஹினெக் முதல் வசனத்தை முழுங்கினான்.

வாத்தியார் அரங்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஹினெக்கையே பார்த்தார். ராஜா எழுந்தால் இவர் முதுகு நிமிர்ந்தது. ராஜா இருமினால் இவர் பதறினார். ராஜா கோபப்பட்டபோது சட்டி அவர் கையில் நடுங்கியது. இவர் எதைப் பார்த்து இப்படிப் பதறுகிறார் என்று ஜனங்கள் முதலில் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு மறுபடியும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்வையைத் திருப்பவே மறந்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி. ராஜா கரண்டியைத் தூக்கினான். வேலைக்காரர் சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அரை எட்டு முன்னால் வந்தார். சாப்பிடுவானா, மாட்டானா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அந்தக் கண்ணை ஹினெக் பார்த்தான். மகன் இனி வரமாட்டான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்த மாதிரி இருந்தது. கரண்டியை மெல்லக் கீழே வைத்தான். இருட்டில் யாரோ விசும்பினார்கள்.

திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. மேனேஜர் ஹினெக்கைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வாத்தியார் மற்ற நடிகர்களுக்குப் பின்னால் சட்டியோடு நின்றார்.

மறுநாள் காலை கொட்டகை கேன்டீனில் வாத்தியார் பூண்டு சூப்போடு உட்கார்ந்திருந்தார். தொண்டைக்கு அங்கே அதுதான் மருந்து. ஹினெக் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"வாத்தியாரே, நேத்து என்ன மாயம் பண்ணினீங்க? உங்களைப் பார்க்க வந்த கூட்டம். என்னைப் பார்த்துச்சு."

வாத்தியார் காற்றுக் குரலில் பேசினார். டாக்டரின் உத்தரவு அத்தோடு போயிற்று.

"நான் உன்னைப் பார்த்தேன். நான் பார்த்த பக்கம் அவங்களும் பார்த்தாங்க."

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"உன்கிட்டதான்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நான் கரண்டியைத் தூக்கற இடத்துல அரை எட்டு முன்னால வெப்பியே. அது யாரு சொல்லிக் குடுத்தது?"

ஹினெக் யோசித்தான். "யாரும் சொல்லல. நீங்க சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு எனக்கே கவலையா இருக்கும். கால் தானா போயிடும்."

"தினமும் நீ அப்படி வந்து நின்னப்புறம்தான் நான் ராஜாடா. அதுக்கு முன்னால நான் ரொட்டிக் கடைக்காரர் மகன்."

ஹினெக் மேஜையைப் பார்த்தான்.

"குளத்துல இறங்கி நின்னேன்" என்றார் வாத்தியார். "எதிர்ல கேமரா. ராஜாவா நில்லுங்கன்னாங்க. வரல. திரும்பத் திரும்ப எடுத்தாங்க. கிரீடம் வெச்ச கிழவன் ஒருத்தன் குளிர்ல நடுங்கறான், அவ்வளவுதான் தெரிஞ்சுது. சுத்தி அத்தனை பேர் இருந்தும் என்னை ராஜான்னு பார்க்க ஒரு ஆள் இல்ல. நீயோ பீர் ஆலைக்குப் போறேன்னுட்டே."

"அப்புறம்?"

"கேமராவுக்குக் கொஞ்சம் தள்ளி, கரைல, நீ சட்டியோட நிக்கறதா நெனச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் பார்த்தேன். அடுத்த தடவையே சரியா வந்துடுச்சு."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் எனக்குக் குரல் வந்துடும்" என்றார் வாத்தியார். "சட்டியை யாரு தூக்கறது?"

வாத்தியாரின் சூப் ஆறிப்போயிருந்தது. ஹினெக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக மாற்றி வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தான். உட்காரவில்லை. அவர் கரண்டியைத் தூக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.