நடைச் சங்கம் சரணடைந்த கதை

பினாங்குத் தீவில் சனிக்கிழமை தவறாமல் மலையேறும் நடைச் சங்கம் ஒன்று இருந்தது. சங்கம் என்றால் நாலே பேர்தான். நாலு பேருக்கும் கால் நல்ல கால், மனசு நல்ல மனசு. கழுத்துக்கு மேலே உள்ளதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. மரியாதைதான் காரணம்.

தலைவர் குணாளன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கூட்டத்தை நிறுத்தி, "இறங்கறவங்கல்லாம் இறங்கலாம்" என்பார். யாரும் இறங்கமாட்டார்கள். அதை உறுதி செய்துகொண்டுதான் மேலே நடப்பார். அடுத்தவர் சூசைநாதன். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், சங்கத்தின் அறிவாளி. மனைவி இறந்துபோன பிறகு அவர் முகம் மழித்துக்கொள்வது சனிக்கிழமை மட்டும்தான். மற்ற இருவர் தையல்கடை தனபாக்கியமும் அவள் கணவர் கலியபெருமாளும். யார் என்ன சொன்னாலும் கலியபெருமாள், "அதுவும் சரிதான்" என்பார்.

போன மாதம் இவர்கள் காட்டில் வழி தவறி, வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டார்கள். "இருக்கிற இடத்தை விட்டு அசையாதீங்க" என்று ஆபீசில் சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தார்ரோடும், ரோட்டில் போகும் ஐஸ்கிரீம் வண்டியும் தெரிந்தன. ஆனாலும் அசையவில்லை. தேடி வந்த ஆட்கள் "வாங்க போகலாம்" என்று கூப்பிட்டபோதும் அசையவில்லை. கடைசியில் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியதாயிற்று. கலியபெருமாள் கொஞ்சம் கனம்.

வனத்துறை அதிகாரி நாலு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இனி ஒரு தடவை உங்களைத் தேடி ஆள் அனுப்ப வெச்சீங்கன்னா, அப்புறம் எந்த மலையிலயும் உங்க சங்கத்துக்கு அனுமதி கிடையாது."

அன்றைக்குச் சூசைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமையும் இல்லையென்றால் முகத்தை யாருக்காக மழிப்பது?

அவசரக் கூட்டம் போட்டார்கள். "நம்ம சொந்த புத்தியில நடந்ததுதான் தப்பு" என்றார் குணாளன். "இனிமே யாரு என்ன சொன்னாலும், சொன்னது சொன்னபடி செஞ்சிரணும்."

"அதுவும் சரிதான்" என்றார் கலியபெருமாள்.

அடுத்த சனிக்கிழமை பட்டாள மலைக்குப் போனார்கள். மலையுச்சிக்குப் பக்கத்தில் உலகச் சண்டைக் காலத்துப் பங்கர் ஒன்று, பட்டாளத்தார் பதுங்கும் நிலவறை, இருக்கிறது. வெள்ளைக்காரன் சிமெண்டு போட்டுக் கட்டினான், ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான், இப்போது வௌவால் குடியிருக்கிறது. அடிவாரத்துக் காவல்சாவடியில் இருந்த வனத்துறைக் காவலாள் திருச்செல்வம் இவர்களைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திவிட்டான். ஆனாலும் நல்ல பிள்ளை. உட்காரவைத்து நிதானமாகச் சொன்னான்.

"அண்ணே, வழி நெடுக மரத்துல சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கோம். ஒரு ரிப்பனைக்கூட விட்டுறாதீங்க. ஒருத்தர்மேல ஒருத்தர் ஒரு கண்ணு வெச்சுக்கங்க. மூங்கில் காடு தாண்டிட்டா ஒரே பாதைதான், கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம். பங்கர் வாசல்ல போர்டு இருக்கு. அதுல போட்டிருக்கிறபடி நடந்துக்கங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் குணாளன்.

"அவ்வளவு செஞ்சா போதும்ணே" என்றான் திருச்செல்வம், பாவம்.

முதல் ரிப்பன் ஒரு பலாமரத்தில் இருந்தது. குணாளன் அதை அவிழ்த்துத் தனபாக்கியத்தின் பையில் போட்டார். இரண்டாவதையும் அவிழ்த்தார். உயரத்தில் கட்டியிருந்த ஒன்றுக்காகக் கலியபெருமாள் தோளில் சூசைநாதன் ஏறினார். ஒன்றையும் விடவில்லை.

"மட்டமான துணி" என்றாள் தனபாக்கியம். "ஓரம்கூட அடிக்கல."

"எல்லாத்தையும் எடுத்துட்டா பின்னால வர்றவங்களுக்கு?" என்று கலியபெருமாள் மெதுவாகக் கேட்டார்.

"அவங்களுக்கு வேற கட்டுவாங்க" என்றார் குணாளன். "இதை நம்மகிட்டதானே சொல்லி அனுப்பியிருக்காங்க."

"அதுவும் சரிதான்."

இதற்கு நடுவில் ஒருவர்மேல் ஒருவர் ஒரு கண் வைத்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு கண்ணால் பக்கத்து ஆளையும் மறு கண்ணால் பாதையையும் பார்த்து நடப்பது லேசான காரியமில்லை. மூங்கில் காட்டைத் தாண்டுவதற்குள் தனபாக்கியத்துக்குத் தலைவலியே வந்துவிட்டது.

மூங்கில் காடு முடிந்த இடத்தில் சங்கம் நின்றது.

"இங்கருந்து கண்ணை மூடிக்கிட்டுப் போகணும்" என்றார் குணாளன்.

"ரெண்டையும் மூடினா, ஒருத்தர்மேல ஒருத்தர் எந்தக் கண்ணை வைக்கிறது?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

பெரிய சிக்கல். எல்லாரும் சூசைநாதனைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார்.

"ஆள்மேல வெச்ச கண்ணை எடுக்கக் கூடாது. அதனால பாதையைப் பார்க்கிற கண்ணை மட்டும் மூடிக்குவோம்" என்றார்.

இவ்வளவு எளிதான விஷயம் தங்களுக்குத் தோன்றவில்லையே என்று மற்றவர்கள் வெட்கப்பட்டார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தவர் முகத்தையே பார்த்தபடி நடந்தார்கள். பாதை வளைந்தது. சங்கம் வளையவில்லை. நேராகப் போய், சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் வெட்டிய பழைய பதுங்கு குழிக்குள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தது.

நல்லவேளை, உள்ளே இத்தனை வருஷத்துச் சருகு மெத்தைபோல் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. விழும்போதுகூடத் தனபாக்கியம் தன் புருஷன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பதைச் சங்கம் பிற்பாடு பாராட்டிப் பேசியது.

பதுங்கு குழியை எதற்கு வெட்டுவார்கள்? பங்கருக்குப் போகத்தான். குழியைப் பிடித்துக்கொண்டே நடந்தவர்கள் நேரே பங்கர் வாசலில் போய் ஏறினார்கள். பாதையோடு போயிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

வாசலில் போர்டு இருந்தது. 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது.'

"யார்கிட்ட அனுமதி வாங்கறது?" என்றாள் தனபாக்கியம்.

"உள்ள இருக்கிறவங்ககிட்டதான்" என்று சொல்லிவிட்டு, குணாளன் இருட்டுக்குள் தலையை நீட்டிக் குரல் கொடுத்தார். "உள்ள வரலாமா?"

"...வரலாமா?" என்றது பங்கர்.

நாலு பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"உள்ள ஆள் இருக்கு" என்றார் சூசைநாதன். "நம்மகிட்டயே அனுமதி கேட்கிறாங்க. வெளிய வரலாமான்னு."

"யாரு?" என்று குணாளன் கேட்டார்.

"...யாரு?"

"நாங்கதான்."

"...நாங்கதான்."

"பழகினவங்க மாதிரி பேசுறாங்க" என்றாள் தனபாக்கியம்.

"பட்டாளத்தாருங்கதான்" என்று முடிவு சொன்னார் சூசைநாதன். "உள்ள மாட்டிக்கிட்டவங்க. சண்டை ஓய்ஞ்ச சேதி அவங்களுக்குப் போய்ச் சேரலை."

"பட்டாளத்தாருக்கு எப்படித் தமிழ் தெரியும்?"

"இத்தனை வருஷம் பினாங்குல இருந்தா தெரியாமலா போகும்?"

கலியபெருமாளுக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்.

"...ஆறிட்டீங்களா?" என்று உள்ளிருந்து அன்போடு திரும்பி வந்தது.

தனபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷம் இருட்டில் கிடந்தும், வந்தவர்களைப் பார்த்துப் பசியாறிட்டீங்களா என்று கேட்கிறார்களே. தான் தேங்காய்ப்பாலில் ஆக்கிக் கட்டி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வாசலில் வைத்தாள்.

"சண்டை முடிஞ்சிருச்சு!" என்று குணாளன் உரக்கச் சொன்னார்.

"...முடிஞ்சிருச்சு!"

சங்கம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் வெளிய வரலை?" என்றாள் தனபாக்கியம்.

இதற்கும் சூசைநாதன்தான் விளக்கம் சொன்னார். "வெறுங்கையோட எப்படி வீட்டுக்குப் போவாங்க? ஜெயிச்சேன்னு சொல்றதுக்கு யாராச்சும் அவங்ககிட்ட சரணடையணும். இந்த மலையில வந்து இதுவரைக்கும் யாரும் சரணடையலை. அதான் காத்துக்கிட்டிருக்காங்க." பிறகு பங்கரைப் பார்த்தபடியே சொன்னார்: "வீட்டுல யாரும் இல்லாம இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். வீட்டுல ஆள் இருந்தும் போகமுடியாம இருக்கிறது அதைவிட மோசம்."

காட்டில் ஏதோ ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது.

"சரி, நாம சரணடைஞ்சிருவோம்" என்றார் குணாளன்.

"வெள்ளைக்காரன்கிட்டயா, ஜப்பான்காரன்கிட்டயா?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"உள்ள யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட. மனுஷனுக்கு மனுஷன் உதவறதுல இதெல்லாம் பார்க்கக் கூடாது."

நாலு பேரும் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். குணாளன் கண்டக்டர் குரலில், "சரணடையறோம்!" என்றார்.

"...சரணடையறோம்!" என்றது பங்கர்.

சூசைநாதன் கையை இறக்காமலே இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவங்களும் சரணடைஞ்சிட்டாங்க" என்றார்.

"அப்ப உள்ளயும் கையத் தூக்கிக்கிட்டுதான் நிப்பாங்களா?"

"பின்னே?"

"யாரு முதல்ல இறக்கறது?"

முதலில் இறக்குவது மரியாதையில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நின்றார்கள். எறும்பு ஊர்ந்தது. கலியபெருமாளுக்கு மூக்கு அரித்தது. தனபாக்கியம் தன் தோளில் அவர் மூக்கைத் தேய்த்துக்கொள்ள விட்டாள்.

கீழே வேறு ஒரு கலவரம். பின்னால் வந்த சீனப் பெரியவர்கள் கூட்டம் ரிப்பனைக் காணாமல் திரும்பி வந்து, காவல்சாவடியில் புகார் சொன்னது. யார் வேலை என்று திருச்செல்வத்துக்கு ஊகிக்கக் கஷ்டமாக இல்லை. அந்த நேரம் பார்த்து வனத்துறை அதிகாரியும் வந்து நின்றார். "அந்த நடைச் சங்கமா? தேடித்தான் ஆள் அனுப்பணுமா?" என்று கேட்டார். "தேட வேண்டாம் சார், நான் சும்மா பார்த்துட்டு வர்றேன்" என்று அவர்களுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டு, பங்கருக்குப் பின்பக்கமாகப் போகும் ஜீப் ரோட்டில் திருச்செல்வம் ஓட்டமும் நடையுமாக ஏறினான்.

மேலே போய்ப் பார்த்தால், காலி பங்கரின் முன்னால் நாலு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்னண்ணே இது?"

"கிட்ட வராதீங்க தம்பி, நாங்க கைதி" என்றார் குணாளன். நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னார்கள். திருச்செல்வம் அண்ணாந்து பார்த்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் இவர்களை இறக்குவது இன்னும் கஷ்டம்.

"அவங்க விட்டா வீட்டுக்குப் போயிருவீங்களா?"

"விட்டா போயிருவோம். இங்க எங்களுக்கு என்ன வேலை?"

திருச்செல்வம் பங்கருக்குள் போனான். தொண்டையைக் கனைத்து, குரலை மாற்றிக்கொண்டு, "உங்களை விடுதலை பண்றோம்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினான்.

நாலு கைகளும், பிறகு மீதி நாலு கைகளும் இறங்கின.

"நம்ம செல்வம் தம்பி குரல் மாதிரி இருக்கே" என்றார் கலியபெருமாள்.

"அவரைப் பிடிச்சு வெச்சு சொல்ல வைக்கிறாங்க" என்று சூசைநாதன் தணிந்த குரலில் சொன்னார். "அவரை எடுத்துக்கிட்டு நம்மளை விடுறாங்க. கைதியை மாத்திக்கிறதுன்னா அப்படித்தான்."

"ஒருத்தருக்கு நாலு பேரா? தாராள மனசுதான்" என்றாள் தனபாக்கியம். பையைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் ஜீப் ரோட்டில் விடுவிடுவென்று இறங்கினார்கள். அவர்கள் போன சத்தம் அடங்கட்டும் என்று உள்ளே நின்ற திருச்செல்வத்தை மழை பிடித்துக்கொண்டது. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

காவல்சாவடியில் அதிகாரி நாலு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். தேடி ஆள் போகாமல் தாங்களாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். ரிப்பனைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்; தான் போட்ட நிபந்தனைப்படி குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "சரி, இந்தத் தடவை சங்கத்துக்கு ஒண்ணுமில்லை" என்றார். சூசைநாதன் தன் வழவழப்பான தாடையைத் தடவிக்கொண்டார்.

"திருச்செல்வம் எங்கே?"

"அவரை அவங்க வெச்சுக்கிட்டாங்க சார்" என்றார் குணாளன். "நல்ல ஜனங்கதான். கவலைப்படாதீங்க."

அதிகாரி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மழை விட்டது. கொஞ்ச நேரத்தில் திருச்செல்வம் சேறு அப்பிய செருப்போடு ரோட்டில் இறங்கி வந்தான்.

நாலு பேர் முகமும் வாடிவிட்டது. குணாளன் அவனை ஓரமாக அழைத்துப் போனார். "தம்பி, தப்பிச்சா வந்தீங்க?"

"தப்பிக்கல்லாம் இல்லண்ணே, நடந்து வந்தேன்."

"அவங்க எங்களை நம்பி விட்டாங்க. நீங்க இப்படிப் பண்ணலாமா? வாங்க, கொண்டுபோய் ஒப்படைச்சிட்டு வந்துடறோம்."

திருச்செல்வம் தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை பேசிப் பார்த்தான். பிரயோசனமில்லை. இவன் வராவிட்டால் பதிலுக்குத் தாங்களே போய் உட்காருவது என்று முடிவு செய்து, சங்கம் மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அதிகாரி நெற்றியைத் தேய்த்தார்.

"திருச்செல்வம், நீயே கூடப் போயிட்டு வந்துரு. இல்லைன்னா இவங்களைத் தேடி ஆள் அனுப்பணும்."

அப்படித்தான் திருச்செல்வம் தன்னை ஒப்படைப்பதற்காகத் தானே வழிகாட்டிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினான். பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கலியபெருமாள் ஆறுதலாக அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"உள்ள போனதும் எங்க பேரைச் சொல்லுங்க தம்பி. தெரிஞ்சவங்கதான், நல்லா பார்த்துக்குவாங்க."