சர்வருக்கு வைத்த பொட்டு

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஞானசம்பந்தம் வீட்டிலேயே ஒரு கணினி சர்வர் வைத்திருந்தார். மகள் கல்யாணப் படமெல்லாம் அதில்தான். ஆயுதபூஜைக்கு மறுநாளிலிருந்து அதன் லாக் பதிவில் ‘ஹார்டுவேர் பஸ் எரர்’, அதாவது உள்ளே ஏதோ இணைப்பு சரியில்லை என்ற ஒரே வரி அடைமழையாகக் கொட்டியது. கேபிளை மாற்றினார், மென்பொருளைத் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

“துடைச்சா சரியாயிடுங்கய்யா” என்றாள் வீட்டுவேலை செய்யும் செங்கமலம்.

“முப்பது வருஷ சர்வீஸ், எனக்கே பிடிபடலை. துடைச்சா போயிடுமா?”

“பூஜையில இதுக்குள்ள இருந்த கார்டைக் கழட்டிப் பொட்டு வெச்சீங்களே, எந்தப் பக்கம்?”

ஞானசம்பந்தம் கார்டை உருவினார். சர்வருக்குள் செருகும் தங்க முலாம் பூசிய இணைப்புப் பற்களின் மேலேயே சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக அப்பியிருந்தன. முப்பது வருஷ அனுபவம் பார்த்துப் பார்த்து வைத்த பொட்டு! துடைத்துச் செருகியதும் எரர் நின்றது.

“உனக்கெப்படித் தெரிஞ்சுது?”

“போன பூஜைக்கு ரிமோட்டோட கண்ணுல பொட்டு வெச்சிட்டு, டிவியே போச்சுன்னு ரெண்டையும் எனக்குக் கொடுத்தீங்களே. எங்க வீட்டுல அருமையா ஓடுதுங்கய்யா.”